தெரியாது என்ற சொல்லைக் கேட்டு வாங்கியவர்

கண்டதையும் கேட்டதையும் மட்டுமே எழுதுகிறேன். உறுதியில்லாததை உறுதியாகப் பேசியவர்களால்தான் ஒரு தாய் வதைபட்டார். தொண்ணூறுகளில், இராசபாளையத்தில் ஒரு மருத்துவரின் அறை வாசலில் அவரைச் சந்தித்தேன். வன்னியம்பட்டிக்காரர். நூற்பாலைப் பஞ்சு அவர் தலைமுடியில் ஒட்டியிருந்தது. மகளை அடிக்கடி வெளிச்சத்தின் பக்கம் திருப்பி, கீழிமையை இழுத்து, மஞ்சள் ஏறியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

உடன் வந்த நாத்தனார், வாசலில் காத்திருந்த எங்கள் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "கண்ட கடை எண்ணெய்ப் புரோட்டாவ வாங்கிக் குடுத்துப் பிள்ள ஈரலக் கெடுத்துட்டா. இனி அது எங்கிட்டதான் வளரும்."

உள்ளே அழைத்ததும் தாய் கதவை மூடவிடவில்லை. "புரோட்டாவா சார் காரணம்?"

"இல்லம்மா. பிள்ள உடம்பே தன் ஈரலத் தாக்குது. ஏதோ ஒரு வைரஸ் அதத் தொடங்கி வச்சிருக்கலாம். எதுன்னு யாருக்கும் தெரியாது."

"அந்தத் தெரியாதுங்கத அவியளுக்குக் கேக்க சத்தமாச் சொல்லுங்க சார். தெரியும் தெரியும்னே என்னையக் கொல்லுதாக!"

மருத்துவர் எழுந்து வாசலுக்கு வந்து அதையே சத்தமாகச் சொன்னார்.

நாத்தனார் எங்களைப் பார்த்துச் சிரித்தார். "டாக்டருக்கே தெரியலயாம். அப்பப் புரோட்டாதான்."

அந்தச் சிரிப்பை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

நோயைத் தொடங்கிவைத்தது எந்தக் கிருமி என்பது தெரியாது. அந்தச் சிறுமி யாரிடம் வளர்ந்தாள் என்பதும் எனக்குத் தெரியாது.