டேப்பில் பதியாத குரல்

இது நடந்தது. கதைக்காக எதையும் சேர்க்கவில்லை. நேரங்களைக்கூட அன்று என் கைப்பட எழுதிய பதிவேட்டைப் பார்த்துத்தான் எழுதுகிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதை நான் யாரிடமும் வாயால் சொன்னதில்லை. சொல்லவும் மாட்டேன். எழுத மட்டும்தான் முடியும். ஏன் என்பது கடைசியில் உங்களுக்கே தெரியும்.

பேய் என்றால் நடுராத்திரி என்று நினைப்பீர்கள். இது நடந்தது பகல் பதினொன்றே முக்காலுக்கு. ஆனால் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு ஜன்னல் கிடையாது. உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டால் வெளியே பகலா இரவா என்பது அவரவர் கைக்கடிகாரத்துக்கு மட்டும்தான் தெரியும்.

பழைய ஆல்பங்களின் உரிமையை வைத்திருக்கும் சின்னக் கம்பெனி எங்களுடையது. பெரிய டேப்களைக் கம்ப்யூட்டருக்கு மாற்றுவது என் வேலை. கூடவே ஒரு படிவமும் நிரப்ப வேண்டும். பாடியவர், வாசித்தவர், ஒலிப்பதிவு, ஒலிப்பதிவு உதவி. இணையத்தில் வெளியிட இத்தனை வரிகளும் வேண்டும். டேப் ஓடும் நேரத்தில் நான் ஏதாவது ரஷ்ய நாவலின் மொழிபெயர்ப்பில் மூழ்கியிருப்பேன். அதனால் மேனேஜர் அக்கா எனக்கு வைத்த பெயர் தத்துவம்.

அந்த வாரம் வந்த டேப் 1995இல் வெளியான ஓர் ஆல்பத்துடையது. எட்டுப் பாட்டு. ஆறாவது பாட்டு பள்ளி நாளிலிருந்தே எனக்கு உயிர். அதன் முடிவில் நாற்பது விநாடி ஒரு ஹம்மிங் வரும். மூச்சு திணறுவது போல இழையும். பாடியவர் பெரிய பாடகி. கேட்பவர்கள் எல்லாம் சொல்வது ஒன்றுதான்: "என்ன பாவம்!"

கேசட் அட்டையில் பெயர்கள் இருந்தன. ஒரு வரியின் மேல் மட்டும் கறுப்புப் பட்டை ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினேன். ‘ஒலிப்பதிவு உதவி’ என்று அச்சாகியிருந்தது. பக்கத்தில் ஒரு பெயர். அந்தப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை.

"பட்டையை உரிச்சிட்டியா?" என்றார் அக்கா. "சும்மாவா ஒட்டினாங்க?"

"யாருக்கா இவரு?"

"அப்போ இங்க அசிஸ்டென்ட். ஏதோ பெரிய தப்பு பண்ணிட்டாராம். எனக்கு முந்தின காலம். வருஷா வருஷம் வந்து நிப்பாரு. காசு வேணாம், ஒண்ணும் வேணாம், என் பேர் இருந்த அந்த ஒரு வரி போதும்பாரு. வெள்ளிக்கிழமை திரும்ப வர்றாரு."

"போட்டுட்டாத்தான் என்ன?"

"முதலாளியும் அதையேதான் சொல்றாரு. டேப்பை முழுசா கேளு. அவர் மேல தப்பு இல்லன்னு தோணுச்சுன்னா போட்டுடலாம். நீதான் நீதிபதி, தத்துவம். கறுப்புக் கோட்டு ஒண்ணு தைச்சுக்க."

புதன்கிழமை. காலை 11.20க்கு டேப்பை ஏற்றினேன்.

நான் உட்கார்ந்திருந்தது கட்டுப்பாட்டு அறை. எனக்கு எதிரே கண்ணாடி. கண்ணாடிக்குப் பின்னால், அந்தக் காலத்தில் பாடகர்கள் நின்று பாடிய சிறிய அறை. இப்போது அட்டைப்பெட்டிகள் போட்டு வைக்கும் இடம். என் முன்னால் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் பழைய கன்சோல். வயரெல்லாம் வெட்டிப் பதினொரு வருஷம் ஆகிறது. நாங்கள் அதை மேஜையாகத்தான் பயன்படுத்தினோம்.

அந்தக் கன்சோலில் ‘டாக்பேக்’ என்று ஒரு பட்டன் உண்டு. அதை அழுத்திப் பேசினால்தான் உள்ளே நிற்கும் பாடகருக்குக் கேட்கும். அந்தப் பேச்சு டேப்பில் பதியாது. பாடகர் சொல்லும் பதில் மட்டும் பதியும். அதனால் பழைய டேப்களில் பாதி உரையாடல்தான் இருக்கும். ஓர் இடைவெளி, ஒரு "சரி சார்". இன்னோர் இடைவெளி, இன்னொரு "சரி சார்".

அந்த டேப்பில் இருபத்துநான்கு தடங்கள்; ஒவ்வொரு குரலும் வாத்தியமும் தனித்தனித் தடத்தில் பதிந்திருக்கும். பெட்டிக்குள் இருந்த தாளில் கடைசித் தடத்துக்கு நேராக ‘காலி’ என்று எழுதியிருந்தது. 11.38க்கு அதை மட்டும் தனியாக ஒலிக்கவிட்டேன்.

காலி இல்லை.

தாள் புரளும் ஓசை. மூச்சு. பிறகு ஒரு பெண் குரல். பெரிய பாடகியின் குரல் அல்ல. பெரியவர்கள் கேட்டுப் பழகிக்கொள்வதற்காக முதலில் பாடிக் கொடுப்பார்களே, ட்ராக் பாடுகிறவர்கள்... அப்படி ஒருவர். அவர்கள் பெயர் எந்த அட்டையிலும் வராது.

"சார், ஆரம்பிக்கட்டுமா?"

ஆறு விநாடி இடைவெளி. எனக்குக் குறும்பு. செத்துப்போன டாக்பேக் பட்டனை அழுத்தி, குரலைக் கனமாக்கிக்கொண்டு சொன்னேன். "ம்... ஆரம்பிங்க."

"சரி சார்."

பொருத்தமாக விழுந்தது. சிரித்துவிட்டேன். அவர் பாடினார். நடுவில் நிறுத்தி மூச்சு வாங்கினார். மறுபடி அழுத்தினேன். "என்னம்மா இது, பாட்டா? கொட்டாவியா?"

"கொட்டாவி இல்ல சார்... காலையில இருந்து சாப்பிடல."

என் சிரிப்பு நின்றது.

பின்னால் ஓட்டிக் கேட்டேன். இடைவெளி. "கொட்டாவி இல்ல சார்." மறுபடி ஓட்டினேன். அதேதான். முப்பது வருஷமாக அது அந்த டேப்பில் இருக்கிறது.

11.44. பதிவேட்டில் நேரத்தை மட்டும் எழுதினேன்.

"நீங்க யாரு? பெரிய சார் குரல் இல்லையே இது. சின்னக் குரலா இருக்கு... தம்பின்னு கூப்பிடலாமா?"

நாற்காலியைப் பின்னால் தள்ளினேன்.

"தம்பி? இருக்கீங்களா?... பட்டன் லைட் எரியுதே."

கீழே பார்த்தேன். டாக்பேக் பட்டனில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வயர் இல்லாத கன்சோலில்.

டேப்பை நிறுத்தும் பட்டனை அமுக்கினேன். க்ளிக். சக்கரங்கள் சுற்றிக்கொண்டே இருந்தன. இன்னொரு முறை. க்ளிக். க்ளிக்.

11.47.

"தம்பி, ஏதோ கருகுற வாசனை வருது."

எனக்கு ஒரு வாசனையும் வரவில்லை. எனக்கு நானே தைரியம் சொல்லிக்கொண்டேன். "ஒண்ணுமில்ல... ஒண்ணுமில்ல..."

"ஒண்ணுமில்லையா? சரி, பாடறேன்."

ஐயோ. நான் அவரிடம் சொல்லவில்லை.

இருமல். மறுபடி இருமல்.

கண்ணாடிக்குப் பின்னால் அட்டைப்பெட்டிகள் மங்கின. ஏதோ வெள்ளையாக... அசைந்தது.

11.51.

"தம்பி, கண்ணு எரியுது. நீங்க சொல்லாம வெளிய வரக் கூடாதுன்னு பெரிய சார் சொல்லியிருக்காரு... வெளிய வரட்டுமா?"

அந்த அறைக் கதவின் கைப்பிடி கீழே இறங்கியது.

மெதுவாக.

அது வெளியே வரப்போகிறது.

"வராதீங்க! அங்கேயே இருங்க!" என்று கத்தினேன்.

கைப்பிடி நின்றது.

மேலே ஏறியது.

"...சரி தம்பி. வரல."

பிறகு அவர் பாடினார். நாற்பது விநாடி. திணறித் திணறி. எனக்கு அது மனப்பாடம். ஆறாவது பாட்டின் முடிவு.

11.52. டேப் தானாக நின்றது.

நான் வெளியே ஓடி வந்தேன். அக்காவைக் கூட்டிக்கொண்டு திரும்பிப் போனபோது அந்தச் சின்ன அறையில் பெட்டிகள்தான் இருந்தன. ஒரு மூலையில், பழைய மைக் கம்பத்தில் ஹெட்போன் தொங்கியது. தொட்டுப் பார்த்தேன். யாரோ அப்போதுதான் கழற்றி மாட்டியது போலச் சூடாக இருந்தது.

"நீ ராத்திரியெல்லாம் படிச்சுட்டு வந்து பகல்ல உளறற" என்றார் அக்கா.

வெள்ளிக்கிழமை அந்த அசிஸ்டென்ட் வந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். லேமினேஷன் கடை வைத்திருக்கிறாராம். அக்காவின் மேஜைக்கு முன்னால், நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். நான் கதவோரம் நின்றேன்.

"என்னதான் சார் நடந்தது?" என்று கேட்டார் அக்கா. "யாரும் முழுசா சொன்னதில்ல."

"ரெக்கார்டிங் பண்ற பெரியவர் டீ குடிக்கப் போனாரும்மா. டேப் ஓடட்டும், அந்தப் பொண்ணு பாடிப் பழகட்டும், நீ பார்த்துக்கன்னாரு. நான் ஒரு போன் பண்ணக் கீழே இறங்கினேன். அதுதான் என் தப்பு. அவங்க பாடற அறையில ஏசி குழாய்க்குள்ள ஒரு வயர் கருகியிருக்கு. பெரிய தீ கூட இல்ல. புகைதான்." பர்ஸிலிருந்து ஒரு துண்டை எடுத்து மேஜையில் வைத்தார். போன் கடை ரசீது. லேமினேட் செய்திருந்தார். ஆரம்பம் 11.41. முடிவு 11.50.

என் பதிவேட்டின் 11.44, 11.47 இரண்டும் அதற்குள் இருந்தன.

"மேல வந்தேன். கண்ட்ரோல் ரூம் கதவு உள்பக்கம் பூட்டியிருக்கு. உள்ளேயிருந்து ஒருத்தன் கத்தறான். ‘வராதீங்க, அங்கேயே இருங்க’ன்னு. என் காதால கேட்டேன். கதவை உடைச்சா ஒருத்தனும் இல்ல. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவங்க மைக்குக்கு முன்னாலயே விழுந்து கிடந்தாங்க, உயிர் இல்ல. அவங்க அறைக் கதவு பூட்டக்கூட இல்லம்மா. கைப்பிடியைத் திருப்பியிருந்தா வந்திருக்கலாம்."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டார்.

"போலீஸ் டேப்பைக் கேட்டாங்க. தம்பி, தம்பின்னு கூப்பிடறாங்க அவங்க. மத்தவங்க எல்லாரும் ஐம்பது தாண்டினவங்க. தம்பின்னு கூப்பிடற வயசுல இருந்தது நான் ஒருத்தன்தான். இந்த ரசீதைக் காட்டியும் யாரும் நம்பல. நாலு வருஷம் உள்ள இருந்தேன். வெளிய வந்தப்போ அம்மா இல்ல. அவங்க குரலை அப்படியே பாட்டுல வெச்சு வித்தாங்க. பேர் போடல. பேர் போட்டா கேள்வி வரும்ல? என் பேர் மேலயும் பட்டை ஒட்டிட்டாங்க."

"தத்துவம், நீ டேப்பைக் கேட்டியே. என்ன தோணுது? சொல்லு" என்றார் அக்கா.

அவர் என் பக்கம் திரும்பினார். முகத்தைப் பார்க்கவில்லை. தலையைச் சாய்த்து, காதைக் காட்டினார்.

"பேசுங்க தம்பி. அந்தக் குரலைக் கேட்டா எனக்குத் தெரியும். முப்பது வருஷமா ஒவ்வொருத்தரையும் பேச விட்டுக் கேக்கறேன். ராங் நம்பர் வந்தாக்கூட வைக்க மாட்டேன்."

நான் தொண்டையைத் தொட்டுக் காட்டினேன். கட்டிக்கொண்டது என்பது போல. மேஜையில் இருந்த தாளை எடுத்து எழுதினேன்: ‘டேப் பாழாகிவிட்டது. கடைசித் தடத்தில் ஒன்றும் கேட்கவில்லை.’

அவர் அதை இரண்டு முறை படித்தார். நான்காக மடித்து, ரசீதோடு சேர்த்துப் பர்ஸில் வைத்துக்கொண்டார்.

"பரவாயில்ல தம்பி. தொண்டையைப் பார்த்துக்கங்க" என்றார்.

அவர் படி இறங்கும் வரை காத்திருந்தேன். அன்று மாலையே படிவத்தை நிரப்பினேன். ‘ஒலிப்பதிவு உதவி’ என்ற வரியைக் காலியாக விட்டேன். பிறகு அந்தக் கடைசித் தடத்தை அழித்தேன்.

ஆல்பம் போன மாதம் வெளியானது. ஆறாவது பாட்டுக்குக் கீழே இப்போதும் எழுதுகிறார்கள், "என்ன பாவம்!" என்று.

அவருக்கு என் நம்பரைக் கொடுத்தது அக்காதான். தொண்டை சரியானதும் பேசட்டும் என்று கொடுத்தாராம். தினமும் 11.52க்கு போன் வருகிறது. எடுக்காவிட்டால் எடுக்கும் வரை அடிக்கிறது. எடுத்துக் காதில் வைத்துக்கொள்கிறேன். நான் பேசுவதில்லை. அந்தப் பக்கமும் பேச்சு இல்லை. வெறும் மூச்சு மட்டும்...

முதல் வாரம் ஒரு மூச்சுதான் கேட்டது.

இப்போது இரண்டு கேட்கிறது.