அக்கா கல்யாணத்து வாழை

வாழைமரம் மரமே இல்லை என்பது எனக்கு உறைத்தது, மாமா பாராங் கத்தியை ஓங்கி ஒரே வெட்டில் அதன் அடியைத் துண்டித்தபோதுதான். அதற்கு முந்தைய வாரம் அறிவியல் சோதனையில் வாழையை 'வன்தண்டு' என்ற கட்டத்தில் மாமரத்துக்குப் பக்கத்தில் எழுதி, டீச்சரிடம் சிவப்பு மையில் தப்பு வாங்கியிருந்தேன். ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து குலை தாங்கி நிற்பது கீரை மாதிரி மென்தண்டுத் தாவரமா? டீச்சர் மேல் எனக்கு வந்த கோபம் அடங்கவே இல்லை.

மாமா வெட்டிய இடத்தைக் குனிந்து பார்த்தேன். கட்டை இல்லை, பட்டை இல்லை. வெங்காயத்தை நறுக்கினாற்போல் பிறை பிறையாக மட்டைகள் ஒன்றையொன்று கட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு மட்டைக்குள்ளும் தேன்கூடு போல் சிறுசிறு அறைகள், அறைகளில் வெறும் காற்று. நடுவில் வெள்ளையாக உருண்டையாக ஏதோ தெரிந்தது. அதை நான் பொருட்படுத்தவில்லை. அவ்வளவு உயரமும் இலைகளின் அடிப்பாகம்தான்! டீச்சர் சொன்னது சரி.

கண்டுபிடித்த சந்தோஷம் மூச்சு விடும் நேரம்கூட நிலைக்கவில்லை. அப்படியானால் நாளைக்கு அக்காவின் கல்யாண மண்டப வாசலில், அத்தனை பெரிய குலையோடு நிற்கப்போவது சுருட்டி வைத்த இலைக்கட்டுதானா?

மாமா கடலுக்கு அக்கரையில், மாக் மண்டினில் ஒரு பட்டறையில் வேலை பார்த்தார். பட்டறைக்குப் பின்னால் முளைத்துக் கிடந்த வாழைகளில் குலை தள்ளிய இரண்டைப் பார்த்து வெட்டி, கூடப் போயிருந்த என்னையும் ஏற்றிக்கொண்டு லோரியில் பாலம் தாண்டி எங்கள் தீவுக்குக் கொண்டுவந்தார். இரண்டையும் மண்டபத்து இரும்புக் கேட்டின் இரு பக்கமும் நிறுத்தி, கம்பியைச் சுற்றிப் பிளையரால் முறுக்கினார். முறுக்க முறுக்கக் கம்பி உள்ளே போனது. நீர் கசிந்து வழிந்தது.

"மாமா, அது மரம் இல்ல மாமா. எல்லாம் இலை. கம்பி அறுத்துடும், விழுந்துடும்."

"ஓ, சயின்டிஸ்ட் வந்துட்டாங்க லா! உங்கம்மா கல்யாணத்துக்கே நான்தான் கட்டினேன், அப்ப நீ எங்க இருந்த?"

பின்னால் தோரணத்துக்குத் தென்னங்கீற்றுக் கிழித்துக்கொண்டிருந்த அத்தைக்கு என் வார்த்தையில் கடைசிப் பாதி மட்டும் காதில் விழுந்தது. எழுந்து வந்து என் தோளைப் பிடித்தார்.

"நல்ல காரியத்துக்கு நிக்கிற வாழை விழும்னு சொல்லலாமா? அது நிக்கிற மாதிரிதான் பொண்ணு வாழ்க்கை நிக்கும். வாயைக் கழுவிட்டு வா, போ."

வாயைக் கழுவினேன். ஆனால் அத்தை சொன்னதில் நான் கேட்டது வேறு. வாழை விழுந்தால் அக்காவின் வாழ்க்கையும் விழும். அது வெறும் இலைக்கட்டு என்று தெரிந்த ஆள் அந்த மண்டபத்தில் நான் ஒருத்திதான்.

அக்காவும் நானும் ஜெலுத்தோங் பிளாட்டில் ஒரே கட்டிலில் படுத்து வளர்ந்தவர்கள். தினமும் பள்ளிக்குப் போகுமுன் அவள்தான் எனக்குத் தலை பின்னுவாள். கல்யாணத்தன்று அவளைச் சுற்றி நாலு பெண்கள் நின்றதால், யாரோ ஒரு அலங்காரக்காரி என் தலையை இழுத்து முடிந்துவிட்டாள். வலித்தது. அக்காவிடம் சொல்லலாம் என்று போனேன். அவள் கண்ணை மூடி மை போட்டுக்கொண்டிருந்தாள், திரும்பி வந்துவிட்டேன்.

பயம் வந்தால் எதையாவது வகை பிரிப்பது என் வழக்கம். அன்றும் மண்டபத்தைப் பிரித்தேன். தென்னந்தோரணம், பாக்கு, அட்சதை அரிசி எல்லாம் இலையில் நரம்பு நேர்க்கோடாக ஓடும் ஒருவித்திலைக் கட்சி. மாவிலை, மல்லிகை எல்லாம் நரம்பு வலையாகப் பின்னிய இருவித்திலைக் கட்சி. மணமேடையில் ரோஜாக்களுக்குப் பின்னால் செருகியிருந்த பெரணி இரண்டிலும் சேரவில்லை. அதற்குப் பூ இல்லை, விதை இல்லை. இலைக்கு அடியில் வரிசையாகப் பழுப்புப் புள்ளிகள்தான். அந்தப் பொடியிலிருந்தே அதன் பிள்ளைகள் முளைக்கும். மற்ற நாளாக இருந்தால் அதைச் சுரண்டிப் பார்த்திருப்பேன். அன்று எட்டிப் பார்த்துவிட்டு வாசலுக்கு ஓடினேன்.

இடது பக்கத்து வாழை சாய்ந்திருந்தது.

கொஞ்சம்தான். ஆனால் நேற்று கேட்டின் கம்பிக்கு நேராக இருந்த குலை இப்போது பாதையின் மேல் வந்திருந்தது. கம்பி வெளி மட்டையை அறுத்து இரண்டாவது மட்டைக்குள் இறங்கியிருந்தது. கடற்காற்று வீசும்போதெல்லாம் மேலே இலை படபடக்க, கீழே ஏதோ கிர்ரென்றது. மாமா அந்தப் பக்கம் குளிர்பானப் பெட்டிகளோடு போனார். "மாமா!" என்றேன். "அப்புறம் பாப்பா, அப்புறம்," என்று உள்ளே போய்விட்டார்.

நான் போய் வாழையின் மேல் முதுகைச் சாய்த்துக்கொண்டேன். அது போதாது என்று தோன்றியதும் திரும்பி இரு கையாலும் கட்டிப்பிடித்தேன். சில்லென்று இருந்தது. புதுப் பட்டுப் பாவாடையில் கறை இறங்கியது. வாழைக்கறை போகாது என்று தெரிந்தும் விடவில்லை.

விருந்தாளிகள் என்னைத் தாண்டித் தாண்டி உள்ளே போனார்கள். கடைசியில் வாசலில் யாருமே இல்லை. உள்ளே கெட்டிமேளம் கேட்டது. எல்லாரும் அட்சதை தூவுகிற சத்தம்கூடக் கேட்டாற்போல் இருந்தது. அக்காவின் கழுத்தில் தாலி ஏறிய நேரம் என் முகம் வாழை மட்டையில் அழுந்தியிருந்தது.

அந்நேரம் பார்த்து மாப்பிள்ளை வீட்டுப் பெரியம்மா ஒருவர், அக்கரையில் பாகான் டாலாமிலிருந்து ஃபெர்ரியைத் தவறவிட்டுத் தாமதமாக வந்தவர், என்னைப் பார்த்து நின்றார்.

"ஐயோ, பொண்ணோட தங்கச்சியா? ஏம்மா அழுவுற? அக்கா எங்க போயிட்டா? ஃபெர்ரி ஏறினா எங்க வீடு."

"நான் அழுவல ஆன்ட்டி. இது விழாம பிடிச்சிக்கிட்டிருக்கேன்."

"சரி சரி, பிடிச்சிக்க," என்று என் கன்னத்தைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டு உள்ளே போனார். எனக்கு எரிச்சலாக வந்தது. கன்னத்தில் இருந்தது வாழைத் தண்ணீர். கம்பி அறுத்த இடத்திலிருந்து வழிகிறதே, அதுகூடவா தெரியவில்லை?

சாப்பாடு முடிந்து, வாசலில் கார் வந்து நின்றபோதும் நான் அங்கேயே இருந்தேன். அம்மா கூப்பிட்டார், போகவில்லை. அக்கா மாலையோடு என் பக்கம் வந்தாள். கலைந்து கிடந்த என் தலையைத் தொட்டுப் பார்த்தாள்.

"என்னடி இது, யாரு பின்னிவிட்டா? விடு, வா."

"விட்டா விழுந்துடும்."

"விழட்டும்டி. வா."

விட்டேன். கண்ணை இறுக மூடிக்கொண்டேன். வாழை விழவில்லை. ஒரு விரற்கடைகூட நகரவில்லை. கார் போன பிறகும், மாமா மறுநாள் வந்து வெட்டி எடுத்துப்போகும் வரையும் அப்படியே நின்றது. "சொன்னேன்லா!" என்று மாமா அதை ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஏன் விழவில்லை என்பதைப் பல வருடம் கழித்துத்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். குலை தள்ளிய வாழைக்குள் அசல் தண்டு ஒன்று அடிக்கிழங்கிலிருந்து குலை வரை ஓடுகிறது. நான் பொருட்படுத்தாமல் விட்ட அந்த வெள்ளை உருண்டை, நாம் கூட்டு வைத்துத் தின்னும் அதே வாழைத்தண்டு. நான் பிடிக்காவிட்டாலும் அது நின்றிருக்கும். இது எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் வாழைத் தண்ணீர் உப்புக் கரிக்காது என்பதைப் படிக்கப் புத்தகம் தேவையில்லை. அன்று வாழையைக் கட்டிப்பிடித்திருந்தபோது என் உதட்டில் பட்ட உப்பைப் பற்றி மட்டும் நான் யோசிக்கவே இல்லை.

வருகிற மாதம், அக்காவுக்கும் எனக்கும் நடுவில் பிறந்த அண்ணனுக்குக் கல்யாணம். இந்த முறை வெட்டிய வாழை வேண்டாம், கிழங்கோடும் பக்கக் கன்றோடும் தோண்டி, பெரிய டிரம்மில் நட்டு வாசலில் நிறுத்தலாம் என்றேன். முடிந்ததும் கன்றை அக்கா வீட்டுப் பின்புறத்தில் நட்டுவிடலாம். "டிரம்மைத் தூக்க கிரேனா வச்சிருக்கேன்?" என்றார் மாமா. அக்கா பாகான் டாலாமிலிருந்து போனில் சிரித்தாள். குழி தோண்டி வைப்பதாகச் சொன்னாள்.

சனிக்கிழமை மண்வெட்டியோடு மாக் மண்டினுக்குப் போகிறேன். கிழங்கு உடையாமல் வந்தால், இந்தக் கல்யாணத்திலாவது உள்ளே போய் நின்று தாலி கட்டுவதைப் பார்த்துவிடலாம்.