வைக்கோல் பெட்டியில் வெந்த சோறு

என் மகளுக்கு இளைப்பு வந்தது அடுப்புப் புகையால்தான் என்று நான் நம்பினேன். ஒரே அறை வீடு, மூலையில் விறகடுப்பு. மண்ணெண்ணெய் கிடைக்காத வருடம் அது. கணவரிடம் சொன்னால், "எல்லா வூட்லயுந்தான் புகையுது" என்பார். அவருடைய அம்மா அதையும் சொல்லமாட்டார். ஈர விறகாகப் பார்த்து உள்ளே தள்ளுவார். வேண்டுமென்றே செய்கிறார் என்று நினைப்பேன். அப்படி நினைக்கலாமா என்றும் உடனே நினைப்பேன்.

பள்ளியில் படித்தது ஒன்று நினைவிருந்தது. கறுப்பு நிறம் வெயிலை வாங்கிச் சூடாகும். மேலே கண்ணாடி மூடியிருந்தால் சூடு எளிதில் வெளியேறாது. கணவருக்குப் பீங்கான் ஆலையில் சாமான்களை வைக்கோல் வைத்துக் கட்டும் வேலை. ஒதுக்கிப்போட்ட மரப்பெட்டி ஒன்றைக் கேட்டு வாங்கினேன். உள்ளே சுற்றிலும் வைக்கோலைத் திணித்து, நடுவில் கரி பூசிய தூக்குவாளியில் அரிசியும் தண்ணீரும் வைத்து மூடி, மேலே கண்ணாடிப் பலகை போட்டேன். பெட்டியைக் கொல்லை வெயிலில் வைத்து, முகம் பார்க்கும் கண்ணாடியைப் பக்கத்தில் சாய்த்து, வெயிலை அதன்மேல் திருப்பினேன்.

"வெயில்லேர்ந்து கரண்டுகூட எடுக்கலாம்ங்க" என்று கணவரிடம் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"அப்ப ஒரு பல்ப எரியவுடச் சொல்லுடா, பாப்போம்" என்றார் அத்தை, என் பக்கம் திரும்பாமலே.

முதல் நாள் அரிசி வேகவில்லை. அத்தை அடிக்கடி வந்து கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார்.

"தொறந்தா சூடு போயிடும் அத்தை."

"தொறந்து பாக்காம சோறாக்குறவ நீ ஒருத்திதான்மா."

மதியம் சாப்பிட வந்த கணவர் அரைவேக்காட்டுச் சோற்றைத் தள்ளிவிட்டு மறுபடி வேலைக்குப் போனார்.

மறுநாள் அத்தை ஸ்ரீமுஷ்ணம் கோயிலுக்குப் போயிருந்தார். பெட்டியை யாரும் திறக்கவில்லை. மதியம் சோறு பூவாக வெந்திருந்தது. மகள் இருமாமல் தூங்கினாள்.

மாலையில் திரும்பிய அத்தை அடுப்புச் சாம்பலைத் தொட்டுப் பார்த்தார். சில்லென்று இருந்தது.

"அடுப்பு எரியாத வூடு எழவு வூடு. கைப்புள்ளய வெச்சிகிட்டு இந்த வேல செய்வியா?"

சாவு வீட்டில்தான் அடுப்பு மூட்டமாட்டார்கள்; அது எனக்கும் தெரியும். அதை எப்படி மறந்தேன்? அவர் உலைகூட வைக்காமல் வெறும் அடுப்பில் விறகைப் பற்றவைத்தார். அறை முழுக்கப் புகை. மகள் எழுந்து இருமினாள். மூச்சுக்கு மூச்சு விலா உள்வாங்கியது.

குடத்தை எடுத்து அடுப்பில் சாய்த்தேன்.

"ஊத்திட்டா. பெத்த புள்ள தலையிலயே ஊத்திட்டா" என்றார் அத்தை. வேலை முடிந்து வந்திருந்த கணவர் பாயை உதறிப் போட்டுப் படுத்துவிட்டார். விடியும்வரை நான் மகளின் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

காலையில் வானம் மூடியிருந்தது.

"இன்னிக்கு என்னாத்துல ஆக்குவா?" அத்தை பக்கத்து வீட்டுக்காரியிடம் சத்தமாகக் கேட்டார்.

கொல்லையில் மூன்று செங்கல்லை வைத்து விறகு மூட்டினேன். மகளை உள்ளே படுக்கவைத்து, கதவைச் சாத்திவிட்டு வந்து ஊதினேன். கண் எரிந்தது. இதை முதலிலேயே செய்திருக்கலாமே என்று தோன்றியது. விட்டிருப்பார்களா என்றும் தோன்றியது.

சோறு வடித்ததும் அத்தையைச் சாப்பிடக் கூப்பிட்டேன். வரவில்லை. இரண்டாம் முறை நான் கூப்பிடவில்லை.