ராணிக்கு வராத அழுகை

“செத்துட்டான். சரி. நான் அழணும். அதுவும் சரி. உயிரோட இருந்தப்போ இந்த ஆளு யாருக்கு இன்னா பண்ணான்? அத்த சொல்லு மொதல்ல” என்றாள் சரோஜாதேவி.

“நாட்டைக் காப்பாத்தினார்க்கா” என்றாள் ஹம்சினி.

“எந்த நாட்ட?”

“இஸ்மாரன்.”

“அங்க யாரு கீறாங்க?”

ஹம்சினி யோசித்துப் பார்த்தாள். கோபுரங்கள் இருந்தன, பாலங்கள் இருந்தன, ஈட்டி பிடித்த வீரர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். கொடியில் துணி காயும் ஒரு வீட்டைப் பார்த்ததாக நினைவில்லை.

“மக்கள் இருப்பாங்கக்கா. காட்டல.”

“ராஜாவும் ராணியும் என்னிக்காவது சண்ட போட்டாங்களா?”

“இல்ல.”

“சேந்து குந்தி ஒரு வாய் சோறு?”

“ஒரு விருந்து வரும். எல்லாரும் கோப்பையைத் தூக்குவாங்க. அதுக்குள்ள ஒருத்தன் ஓடி வந்து போர்னு சொல்லிடுவான்.”

“நல்லா கீது. நீ இன்னா எழுதி வெச்சிக்கீற? ‘என் ஒளியே, என் வேந்தே, விழி திறவுங்கள்.’ ஒளியேன்னு எவளாவது புருஷன கூப்டுவாளா? கரண்டு ஆபீஸ்ல வேல செய்யிறானா அவன்?”

ஹம்சினிக்குச் சிரிப்பு வந்தது.

மேற்கு மாம்பலத்துச் சந்து ஒன்றில், டப்பிங் ஸ்டுடியோவுக்கு எதிரிலிருந்த டீக்கடையில் நடந்த பேச்சு இது. ‘எரிமலைக் கிரீடம்’ என்று ஊரே கொண்டாடும் அந்த வெளிநாட்டுப் படத் தொடரின் கடைசிப் பாகம் உள்ளே தமிழ் பேசிக்கொண்டிருந்தது. மூன்று பாகங்களுக்கும் வசனம் எழுதியவள் ஹம்சினி. மூன்றிலும் ராணிக்குக் குரல் கொடுத்தவள் சரோஜாதேவி. ராணி இதுவரை கட்டளை மட்டுமே இட்டு வந்தாள்; இப்போதுதான் முதல்முறையாக அழுகிறாள். காலையிலிருந்து பதினாலு டேக் ஆகியும் அந்த அழுகை வரவில்லை.

வேறு யாருக்கு வராமல் போயிருந்தாலும் அது செய்தியில்லை. சரோஜாதேவி அழுகையிலேயே பெயர் வாங்கியவள். பத்தொன்பது வயதில் கூட்டத்தில் கத்துகிற குரலாக வந்தவள். ஒருநாள் ஒரு கதாநாயகியின் குரல்காரிக்கு ஜலதோஷம் பிடிக்க, ‘யாராவது அழுங்கம்மா’ என்று கேட்டதற்கு முன்னால் போய் நின்றாள். அதற்குப் பிறகு இருபத்தேழு வருடமாகச் சீரியல் சீரியலாக அழுகிறாள். கல்யாணம் நின்றதற்கு ஓர் அழுகை, கல்யாணம் நடந்துவிட்டதற்கு வேறோர் அழுகை. வெங்காயம், தைலம் எதுவும் கிடையாது. மைக் முன்னால் நிற்கும்முன் வசனம் எழுதியவரிடம் மூன்றே கேள்வி கேட்பாள். எத்தனை பிள்ளைகள்? மாமியார் கூட இருக்கிறாளா? செத்தவன் காலையில் என்ன சொல்லிவிட்டுக் கிளம்பினான்? சீரியல்காரர்கள் மூன்றுக்கும் உடனே பதில் சொல்லிவிடுவார்கள்.

பட்டினப்பாக்கத்தில் அவள் தெருவில் சாவு விழுந்தால் மட்டும் கடைசி வரிசையில் பேசாமல் உட்கார்ந்திருப்பாள். ‘சரோஜா, டிவில அப்டி அழுற, இங்க இன்னாடி?’ என்று யாராவது இழுத்தால், ‘அது தொழிலு, இங்க நீங்கள்லாம் கீறீங்களே’ என்பாள்.

வீட்டில்கூட அவளுக்கு மரியாதை கெட்டிருந்தது. அவள் கணவர் தமிழ்மாறன் ஆட்டோ ஓட்டுகிறவர். முதல் இரண்டு பாகத்தையும், அவள் பக்கத்தில் கண் கலங்காமல் உட்கார்ந்திருக்க, தியேட்டரில் தேம்பித் தேம்பிப் பார்த்தவர், கடைசிப் பாகத்தின் டிரெய்லருக்கே துண்டை நனைத்தார். “மகாராணி, உனுக்குக் கல்லு மனசு” என்று காலையில்கூடச் சொல்லியனுப்பியிருந்தார்.

ஹம்சினி தன் மனதில் இருந்ததை யாரிடமும் சொன்னதில்லை. அவளுக்கும் அந்தப் படங்கள் ஒட்டவே இல்லை. தோழிகள் ராஜா படம் போட்ட சட்டை வாங்கினார்கள். அபிராமபுரத்தில் அவள் வீட்டு மாடியில் ஒருத்தி, வளர்ப்பு நாய்க்கு ராஜாவின் பெயரையே வைத்தாள். மூலத்திலும் தமிழிலும் பார்த்தும் தனக்கு மனசு ஒட்டவில்லையே, குறை தன்னிடம்தானோ என்று நினைத்துக்கொண்டு, உணர்ச்சி இல்லாத இடங்களையெல்லாம் நல்ல தமிழால் பூசி மெழுகிவிட்டாள். ‘ஒளியே’ அப்படி வந்ததுதான்.

“அக்கா, எனக்கும் அந்தப் படம் பிடிக்கல” என்றாள், டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டே.

“அடிப்பாவி! மூணு படமா எழுதினு இப்போ சொல்ற?”

அந்த நேரம் டப்பிங் பொறுப்பாளர் பாலு வெளியே வந்தார். நல்ல மனிதர், ஆனால் நாளை மாலை படத்தை அனுப்பியாக வேண்டும். “சரோ, தப்பா எடுத்துக்காத. நாளைக்குப் பத்து மணிக்குள்ள அழுகை வரலேன்னா, அதுக்கு மட்டும் வேற பொண்ணைக் கூப்பிட்டுக்கறேன். வசனமெல்லாம் உன்னோடதுதான்.”

அவர் உள்ளே போன பிறகு சரோஜாதேவி கிளாஸை வைத்தாள்.

“என் ராணிக்கு இன்னொருத்தி வந்து அழுவாளாமா?”

மறுநாள் எட்டரைக்கே வந்துவிட்டாள். ஒலிப்பதிவாளர் ஜீஷானிடம், “தம்பி, ராஜா வுழுற எடத்துலருந்து ஓட்டு” என்றாள். ஜீஷான் அந்தத் தொடரின் பக்தன். ராஜாவின் வாளுக்கு என்ன பெயர், அவருக்கு முன்னால் அது யார் யாரிடம் இருந்தது என்று ஏழு தலைமுறை சொல்வான். திரையில் ராஜா விழுந்தார். பக்கத்தில் அவருடைய பழுப்புக் குதிரை தலையைத் தொங்கப்போட்டு நின்றது. ராணி ஓடி வந்தாள். பிறகு ஊர்வலம், கொடி, எக்காளம்.

“நிறுத்து. அந்தக் குதிர எங்க போச்சு?”

“எந்தக் குதிரைக்கா?”

“மூணு படமா இவன சொமந்துகினு ஓடிச்சே, அது.”

ஜீஷான் முன்னும் பின்னும் ஓட்டினான். ராஜா விழுந்த பிறகு இருபத்தோரு நிமிஷம் படம் ஓடுகிறது. குதிரை ஒரு தடவைகூட வரவில்லை.

“அதும் பேரு இன்னா?”

“பேர் வெக்கலக்கா.”

“கத்திக்குப் பேரு கீது. குதிரைக்கு இல்ல. நல்லா கீதுடா உங்க நாடு! எங்க தெருவுல பீச்சுல குதிர வுடுற பீர் முஹம்மது பாய் கீறாரு. நாளெல்லாம் வெயில்ல நின்னு வந்தாலும், குதிரைக்குத் தண்ணி காட்டாம அவரு ஒரு முழுங்கு குடிக்க மாட்டாரு. இந்த ராஜா அது மேல ஏறுனது ஏறுனதுதான். ஒரு தபா தண்ணி காட்டினத நீ பாத்தியா?”

சொல்லும்போதே அவள் குரல் லேசாக உடைந்தது. அவளுக்கே அது ஆச்சரியமாக இருந்தது.

ஹம்சினி திரையைப் பார்த்தாள். ராணி ராஜாவின் மேல் குனிகிறாள். பதினொரு விநாடி முதுகு மட்டும்தான் தெரிகிறது. உதடு தெரியாத இடத்தில் அளவு சரியாக இருந்தால் எந்த வசனமும் உட்காரும். ‘ஒளியே’ வரியை அடித்தாள். மேலே வேறொன்று எழுதி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மைக் முன்னால் நின்ற சரோஜாதேவியிடம் காகிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். யாரையும் கேட்காமல் அவள் மாற்றிய முதல் வரி அது.

சரோஜாதேவி படித்தாள். மூன்று கேள்வியும் கேட்கவில்லை. “போடு தம்பி” என்றாள்.

ராணி குனிந்தாள். ஒரு மூச்சுச் சத்தம். அப்புறம், யாரோ வாசலில் நிற்பவரிடம் சாதாரணமாகக் கேட்பதுபோல, “குதிரைக்குத் தண்ணீர் காட்டினீர்களா?” என்றாள். பதில் சொல்ல அங்கே யாரும் இல்லை. அதற்குப் பிறகு வந்த அழுகைக்கு ஜீஷான் ஹெட்போனைக் கழற்றிவிட்டு மூக்கைத் துடைத்தான்.

எப்போதோ வந்து பின்னால் நின்றிருந்த பாலு, “இது ஒரிஜினல்ல இல்லையே” என்றார். ஜீஷான் அந்த இடத்தை இன்னொரு முறை ஓட்டினான். பாலு பார்த்துவிட்டு, “முதுகுதானே? விடு” என்றார்.

படக் கம்பெனியிலிருந்து ஒரே ஒரு திருத்தம் வந்தது: ‘இஸ்மாரன்’ என்பதில் ‘ஸ்’ இன்னும் அழுத்தமாக வர வேண்டுமாம். படம் வெளியாகி, அந்தப் பதினொரு விநாடி போன் போனாகச் சுற்றியது. ராஜா மேல் ராணிக்கு எத்தனை காதல் என்று ஜனங்கள் உருகினார்கள். தமிழ்மாறன் நான்கு முறை பார்த்துவிட்டு வந்து மனைவியிடம் மன்னிப்பே கேட்டார். அந்த அழுகை எப்படி வந்தது என்று யார் கேட்டாலும் ஹம்சினி சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவாள். அன்றைக்கு மைக்கை விட்டு வெளியே வந்ததும், முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டே சரோஜாதேவி அவளிடம் ஒன்று கேட்டிருந்தாள்.

“ஏ ஹம்சி, யார்னா கேட்டா ராஜாவுக்குத்தான் அழுதேன்னு சொல்லிடு, இன்னா? குதிரைய நடுவுல இழுக்காத.”