வலித்தால் கதை சொல்பவர்

"ஏன் மருமவளே, கால் புடிச்சு விடுறதுக்கா நாலரை வருசம் படிச்ச? எங்க ரூம்ல ஒருத்தனுக்கொருத்தன் ஓசியிலதான் புடிச்சு விட்டுக்கிறோம்."

நான் துபாயில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் மாமா கேட்டது இது. முறைக்குத்தான் மாமா. புதுக்கோட்டையில் எங்களுக்குப் பக்கத்து ஊர்க்காரர். அப்பாவோடு ஒரே கட்டடக் கம்பெனியில் கம்பி கட்டுகிறார். அறையில் அப்பாவின் கட்டிலுக்கு மேல்கட்டில் அவருடையது. அல் கூஸில் அவர்கள் தங்கும் தொழிலாளர் கேம்ப்புக்கு எதிரே உள்ள கஃபடேரியாவில் மூன்று பேரும் டீ குடித்துக்கொண்டிருந்தோம். பக்கத்து மேசைக்காரர்களும் சேர்ந்து சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். அதுதான் எனக்குச் சுட்டது.

"நான் புடிச்சு விடுறதில்ல மாமா. எந்தத் தசை, ஏன் வேலை செய்யலன்னு கண்டுபுடிக்கிறேன்."

"அதையும் புடிச்சுப் பாத்துத்தானே கண்டுபுடிக்கிற?"

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் போய் உட்கார்ந்த முதல் ஆள் நான். அப்பா கையெழுத்துப் போடப் பழகியதே பாஸ்போர்ட்டுக்காகத்தான். பிசியோதெரபி பட்டம் வாங்கி, இந்த நாட்டு உரிமத் தேர்வையும் முதல் தடவையிலேயே எழுதித் தேறியிருந்தேன். கர்வம் இருந்தது. இப்போதும் இருக்கிறது. அன்று நான் தங்கியிருந்த பர் துபாய்க்குத் திரும்பும் பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தேன். மனம் ஒரு நிலையில் இல்லாவிட்டால் என்னால் உட்கார முடியாது.

நான் வேலை செய்வது விளையாட்டுக் காயங்களுக்கான ஒரு சிறிய மையத்தில். இரண்டாம் வருடம் ஒரு கால்பந்து கிளப்பிலிருந்து ஒருவரை அனுப்பினார்கள். முப்பத்திரண்டு வயது, இடதுபக்கத் தடுப்பாட்டக்காரர். இடது தொடையின் பின்தசையில் கிழிசல். பிரெஞ்சுக்காரர், ஆனால் கோப்பில் ஒட்டியிருந்த கடிதம் கிரேக்க நாட்டிலிருந்து வந்திருந்தது. அங்கே தேசிய அணியில் இரண்டு பேருக்கு அடிபட்டு, முதல் தடவையாக இவரை அழைத்திருந்தார்கள். ஆட்டத்துக்கு இருபத்தாறு நாள் இருந்தது.

முதல் நாளே சொல்லிவிட்டார். எங்கள் இருவருக்கும் சொந்தமில்லாத ஆங்கிலத்தில்தான் பேசிக்கொண்டோம்.

"இதுக்கு முன்னாடி கூப்பிடல. இனிமேலும் கூப்பிட மாட்டாங்க. என்னை அந்த விமானத்துல ஏத்திவிடுங்க, போதும்."

வலிக்கு எண் கேட்பது எங்கள் வழக்கம். பூச்சியம் என்றால் வலியே இல்லை, பத்து என்றால் தாங்க முடியாதது. குப்புறப் படுக்கவைத்து, குதிகாலைப் பிடித்துக்கொண்டு, "என் கையை எதிர்த்து முழங்காலை மடக்குங்க. எவ்வளவு?" என்று கேட்டேன்.

"ரெண்டு" என்றார். உடனே, "எங்க தாத்தா மார்செய் துறைமுகத்துக்கு மூட்டை தூக்க வந்தவர், தெரியுமா?" என்று ஆரம்பித்தார்.

நான் இரண்டு என்று எழுதிக்கொண்டேன். கதையை ஆசையாகக் கேட்டேன். தொலைக்காட்சியில் வருகிற ஓர் ஆள் தன் தாத்தாவைப் பற்றி எனக்குச் சொல்கிறார் என்று உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி. தாத்தா ஒரு கிரேக்கத் தீவிலிருந்து வந்தாராம். கப்பலிலிருந்து இறங்கிய ஊரிலேயே கடைசிவரை இருந்தாராம். பேரன் பதின்மூன்று வயதில் கால்பந்துப் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தபோது, "பந்து உதைக்கிறதுக்கு ஒரு பள்ளிக்கூடமா?" என்று கேட்டாராம். நான் வாய்விட்டுச் சிரித்தேன். எங்கள் மாமாவைப் பற்றிச் சொன்னேன். அவரும் சிரித்தார்.

அப்படியே ஒன்பது நாள் போனது. எண் எப்போதும் ஒன்று அல்லது இரண்டு. நான் பயிற்சியின் பளுவைக் கூட்டிக்கொண்டே போனேன். பத்தாம் நாள் மெதுவாக ஓடச் சொன்னபோது, எட்டாவது அடியில் காலைத் தூக்கிக்கொண்டு நின்றுவிட்டார். கிழிசல் மறுபடி லேசாக விட்டிருந்தது. ஐந்து நாள் பின்னால் போனோம்.

எங்கள் தலைமை மருத்துவர் எகிப்துக்காரர், குரலை உயர்த்தாதவர். என் தாள்களைப் புரட்டிப் பார்த்தார். "ரெண்டு, ரெண்டு, ஒண்ணு. இதெல்லாம் அவர் சொன்னது. நீ பார்த்தது எங்கே?" என்று மட்டும் கேட்டார்.

அந்த வார விடுமுறையில் கேம்ப்புக்குப் போனேன். கஃபடேரியாவில் அப்பா மேல்தட்டிலிருந்த தண்ணீர்ப் பாட்டிலை எடுக்க வலது கையைத் தூக்கினார். பாதியில் கையை இறக்கி, இடது கையால் எடுத்தார்.

"தோள்ல என்னப்பா?"

"ஒண்ணுமில்லாத்தா. அன்னிக்கு சைட்டுல என்னாச்சு தெரியுமா, போர்மேன் ஹெல்மெட்டைக் கழட்டி வச்சுட்டு அதையே ஒரு மணி நேரம் தேடுறான்..."

மாமா குறுக்கிட்டார். "இந்தக் கதைய நாலாவது தடவ சொல்றான் மருமவளே. தூக்க முடியலன்னா ஒடனே ஒரு கதைய எடுத்து வுட்டுருவான் ஒங்கப்பன்."

"சும்மா இரும் மச்சான்."

அப்பா ஏன் மறைக்கிறார் என்று எனக்குத் தெரியும். கம்பெனி மருத்துவர் ஒரு தாளில் 'அன்ஃபிட்' என்று எழுதினால் விசா முடிந்தது, டிக்கெட்டைக் கையில் கொடுத்துவிடுவார்கள். அந்த அறையில் எட்டுப் பேருக்கும் முதுகு வலி உண்டு, ஒருவருக்கும் காகிதத்தில் கிடையாது. ஆனால் அன்று என் மண்டையில் ஓடியது மார்செய் துறைமுகம். எண்ணைச் சொன்ன அதே மூச்சில் அந்தக் கால்பந்துக்காரர் ஏன் தாத்தாவை இழுத்தார்?

மறுநாளிலிருந்து தாளின் ஓரத்தில் ஒரு புள்ளி வைக்க ஆரம்பித்தேன். அவர் கதையைத் தொடங்கும் நொடியில் ஒரு புள்ளி. காலைத் தளர்த்தி வைத்திருக்கும்போது அவர் பேசுவதே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு கிடப்பார். தசையை முழுதாக இழுத்துவைத்து, அந்த நிலையில் பலம் கொடுக்கச் சொன்னால் கதை வரும்.

அவருடைய விளையாட்டு வாழ்க்கை முழுவதும் எனக்கு இப்படித்தான் தெரியவந்தது. பதினெட்டு வயதில் பிரான்சின் இளையோர் அணிக்கு நான்கு ஆட்டம் ஆடினார். ஐந்தாவதுக்கு அழைப்பு வரவில்லை. பத்தொன்பதில் பெரிய கிளப் ஒன்றின் சட்டையைப் போட்டு இருபது நிமிடம் ஆடினார். பிறகு அந்த கிளப் அவரை ஒவ்வொரு வருடமும் வேறொரு ஊருக்கு இரவல் கொடுத்தது. பெல்ஜியத்தில் வாடகை வீட்டில் ஒரு வருடம் பெட்டியைப் பிரிக்கவே இல்லையாம். துருக்கியில் அவர் கிரேக்கர் என்று தெரிந்துகொண்டு கூட்டம் கூச்சல் போட்டது. கிரேக்கத்தில் ஒரு பருவம் ஆடியபோது, பந்தைத் தவறவிட்டால் 'பிரெஞ்சுக்காரன்' என்று திட்டினார்கள். பிரான்சில் சின்ன வயதில் 'கிரேக்கன்' என்று அழைத்த அதே தொனியாம்.

"பதினொரு கிளப். எந்த ஊர்லயும் ரெண்டு குளிர்காலத்துக்கு மேல இருந்ததில்ல" என்றார். அந்த வரிக்கும் ஒரு புள்ளி வைத்தேன்.

கிரேக்கத் தேசிய கீதத்தைப் பிரெஞ்சு எழுத்தில் எழுதி, மடித்துக் காலணிக்குள் வைத்திருந்தார். ஐஸ் வைத்திருக்கும் இருபது நிமிடமும் முணுமுணுத்துக்கொண்டே இருப்பார். "எல்லாரும் பாடுறப்ப நான் மட்டும் வாயை அசைச்சா, எங்க அப்பா டிவியில பார்த்துக் கண்டுபிடிச்சுடுவார்" என்றார். அதைச் சொன்னபோது கால் தளர்ந்துதான் இருந்தது. ஆகவே அதற்குப் புள்ளி வைக்கவில்லை.

அந்த நாட்களில் நானும் ஓரிடத்தில் இருக்கவில்லை. நான் தங்கியிருந்த அறையில் இன்னும் மூன்று பேர், எல்லோரும் தூத்துக்குடிப் பக்கத்து நர்ஸ்கள். "ஏட்டி, நடந்து நடந்து தரையைத் தேய்ச்சிராத. வீட்டுக்காரன் டெபாசிட்டுல புடிச்சிருவான்" என்று அவர்களில் ஒருத்தி திட்டுவாள். அவர் விளையாட வேண்டும் என்று அவரைவிட அதிகமாக நான் ஆசைப்பட்டேன். விளையாடினால் மாமாவிடம் போனில் காட்டலாம், 'இந்தக் காலைப் பாருங்க, யார் நிக்க வச்சது?' என்று. அந்த ஆசையும் தாளில் போய் ஏறிவிடுமோ என்று பயமாக இருந்தது.

ஆட்டத்துக்கு ஆறு நாள் இருக்கும்போது இறுதிச் சோதனை. மையத்தின் படிவத்தில் இருந்த எல்லாவற்றையும் அவர் தாண்டினார். ஓடினார், திரும்பினார், குதித்தார். முழங்காலை மடக்கிய நிலையில் இரண்டு காலின் பலமும் ஏறத்தாழ ஒன்று. தலைமை மருத்துவர் வாசலில் நின்று, "கலாஸ், முடிஞ்சது. கையெழுத்துப் போடலாமா?" என்றார்.

"ஒரு சோதனை பாக்கி" என்றேன். படிவத்தில் அப்படி ஒன்று கிடையாது. அவரை மல்லாக்கப் படுக்கவைத்து, காலை உயர்த்தி, தசை முழுதாக நீண்ட நிலையில் தசையின் பலத்தைக் காட்டும் அளவுக் கருவியைக் குதிகாலில் வைத்து அழுத்தச் சொன்னேன்.

"எவ்வளவு வலி?"

"பூச்சியம்." மேற்கூரையைப் பார்த்தபடி தொடர்ந்தார். "இஸ்தான்புல்ல ஒரு தடவை என்னாச்சு தெரியுமா, எங்க கோல்கீப்பர்..."

கருவியில் எண்ணைப் பார்த்தேன். இடது கால் வலது காலைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. மூன்று தடவை அளந்தேன், மூன்று தடவையும் அதேதான். அவர் கோல்கீப்பர் கதையை நிறுத்தவே இல்லை. மூன்றாவது தடவை எனக்கே கேட்கச் சகிக்கவில்லை.

"நீங்க கதை சொல்றீங்க" என்றேன்.

"ஆமா, அதுக்கென்ன?"

"வலிச்சாத்தான் சொல்றீங்க."

அவர் எழுந்து உட்கார்ந்தார். என் கையிலிருந்த தாளை வாங்கிப் பார்த்தார். ஓரத்துப் புள்ளிகளைப் பார்த்து, "இது என்ன?" என்றார். சொன்னேன். அவர் முகம் சிவந்ததை இன்னும் மறக்க முடியவில்லை.

"இதை எழுதாதீங்க. இந்த ஒரு சோதனை உங்க படிவத்துலயே இல்ல. யாரும் கேக்கப்போறதில்ல. கிழிஞ்சா என் கால்தானே? தொண்ணூறு நிமிஷம். அதுக்கப்புறம் இந்தக் கால் எதுக்கு எனக்கு?"

எழுதினேன். எண்ணை மட்டும், கதையைப் பற்றி எதுவும் எழுதவில்லை. தலைமை மருத்துவர் அதைப் பார்த்து, தானும் ஒரு தடவை அளந்துவிட்டு, இன்னும் பத்து நாளுக்கு விளையாடக் கூடாது என்று எழுதிக் கையெழுத்திட்டார். ஆட்டக்காரர் என்னைப் பார்க்காமல் காலணியைக் கையில் எடுத்தார். உள்ளே இருந்த கீதத் தாளைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு மாட்டிக்கொண்டார். வெளியே போகும்போது வரவேற்பு மேசையில், மீதிச் சிகிச்சைக்கு வேறு ஆளைப் போடச் சொன்னார். அடுத்த நாளிலிருந்து என்னோடு வேலை செய்யும் ஓர் ஆண் அவரைப் பார்த்துக்கொண்டார்.

அந்த ஆட்டத்தில் அவர் இடத்தில் இருபத்தொரு வயதுப் பையன் ஒருவன் ஆடினான். நன்றாகவே ஆடினான். அதற்குப் பிறகு இவருக்கு அழைப்பு வரவில்லை.

ஆனால் மூன்று வாரம் கழித்து கிளப்புக்காக இறங்கினார். பருவம் முடியும்வரை ஓர் ஆட்டம்கூட விடவில்லை. கால் தாங்கியது. அந்தத் தேசிய அணி ஆட்டத்திலும் தாங்கியிருக்குமோ? பஸ்ஸில் நிற்கும்போது, அறையில் துணி மடிக்கும்போது இந்தக் கேள்வி வந்துவிடும். நான் அளந்தது சரி, அதில் சந்தேகம் இல்லை. ஆனால் பலம் குறைந்த காலோடு விளையாடித் தப்பித்த ஆட்களும் உலகத்தில் இருக்கிறார்கள். அப்பா அந்தத் தோளோடு தினமும் கம்பி தூக்கவில்லையா? கால்பந்து வீரரின் தாளில் எழுதிய நான், அப்பாவைப் பற்றி எந்தத் தாளில் எழுதினேன்? எங்கும் இல்லை. எழுதினால் அவரை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். ஒருவருக்கு ஒரு நியாயம், இன்னொருவருக்கு வேறொன்று. இதை யாரிடமும் சொல்லவும் முடியவில்லை.

கோடையில், ஊரைவிட்டுப் போவதற்கு முன், தன் ஸ்கேன் படங்களை வாங்க அவர் மையத்துக்கு வந்தார். சைப்ரஸில் ஒரு சிறிய கிளப், பன்னிரண்டாவது. நடைபாதையில் நேருக்கு நேர் வந்துவிட்டோம். ஒதுங்கிப் போவார் என்று நினைத்தேன். நின்றார்.

"கால் எப்படி இருக்கு?" என்றேன்.

"நல்லா இருக்கு."

அவ்வளவுதான். காத்திருந்தேன். எந்தக் கதையும் வரவில்லை. உண்மையாகவே வலி இல்லை என்று புரிந்தது. அவரும் எனக்குப் புரிந்ததைப் பார்த்துவிட்டு, லேசாகத் தலையை அசைத்தார். போய்விட்டார். சந்தோஷப்பட வேண்டிய நேரம்; நான் அந்த நடைபாதையை இரண்டு தடவை நடந்து முடித்தேன். அந்த இஸ்தான்புல் கோல்கீப்பருக்கு என்ன ஆனது என்று கடைசிவரை நான் கேட்கவே இல்லை.

அன்று மாலையே ஒரு பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதினேன். வலியை மறைப்பவர்களின் தசையை எப்படி அளப்பது என்று மேற்படிப்பில் ஆராய விரும்புகிறேன், அதிலும் கட்டட வேலை செய்பவர்களின் தோளை, என்று. தலைமை மருத்துவர் படித்துவிட்டு, "யாரை அளப்பாய்? கம்பெனிகள் விடாதே" என்றார். பெயர் எழுதாமல், கம்பெனிக்குக் காட்டாமல், விருப்பப்பட்டு வருகிறவர்களை மட்டும் என்றேன். பரிந்துரையில் கையெழுத்திட்டு, பழைய அளவுக் கருவி ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

கடிதத்தை அனுப்பிவிட்டேன், பதில் இன்னும் வரவில்லை. அதற்காகக் காத்திருக்க முடியவில்லை. போன விடுமுறை நாளில், கேம்ப் பக்கத்தில் அவர்கள் கிரிக்கெட் ஆடும் திடலில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டேன். அப்பா தூரத்திலேயே நின்றார். மாமாதான் முதலில் வந்து உட்கார்ந்து சட்டைக் கையைச் சுருட்டினார்.

"ம், புடிச்சுப் பாரு மருமவளே. என்னத்தக் கண்டுபுடிக்கிறன்னு பாப்போம்."

கையை உயர்த்தி, கருவியை மணிக்கட்டில் வைத்து, எதிர்த்துத் தள்ளச் சொன்னேன். எவ்வளவு வலி என்று கேட்டேன்.

"வலியா? ஒண்ணுமில்ல. அது கெடக்கட்டும், ஒங்கப்பன் மொத மொத துபாய் வந்து எறங்குனப்ப என்னாச்சு தெரியுமா..."

கருவியில் இருந்த எண்ணை எழுதினேன். பக்கத்தில் ஒரு புள்ளி வைத்தேன். அன்று பதினொரு பேரை அளந்தேன். பதினொன்றாவதாக வந்து உட்கார்ந்தவர் அப்பா.