அச்சுக்குள் இருந்த கை

சத்தியமாக நடந்தது இது. நம்பாதவர்கள் இங்கிலாந்தின் லிங்கன்ஷயருக்கு வந்து, என் அண்ணன் கிளமென்ட்டின் கல்லறையைப் பார்த்துக்கொள்ளலாம்.

1974. பழைய பன்றிக் கொட்டகை ஒன்றில் கார் கம்பெனி நடத்தினோம். கம்பெனி என்றால் மொத்தமே அண்ணனும் நானும்தான். காரின் ஃபைபர் கிளாஸ் கூட்டை நாங்கள் வார்த்துக் கொடுப்போம். வாங்கியவர் பழைய கார் எஞ்சினைப் போட்டு வீட்டிலேயே காரைப் பொருத்திக்கொள்வார். வார்க்கும் அச்சு, திவாலான இன்னொரு கம்பெனியிடம் வாங்கியது. இந்தத் தொழிலே அப்படித்தான்... கம்பெனி சாகும், அச்சு கைமாறும், காருக்குப் புதுப் பெயர் வைப்பார்கள்.

முதல் கூட்டிலேயே ஓட்டுநர் கதவில் ஐந்து விரலோடு ஓர் உள்ளங்கை புடைத்திருந்தது. உள்ளேயிருந்து யாரோ தள்ளியது போல. அச்சைத் தடவிப் பார்த்தேன். வழுவழுவென்று இருந்தது.

"உன் கைதான் பட்டிருக்கும்ணா."

"கழுத, எண்ணிப் பாரு. எனக்கு ஏது அஞ்சு விரலு?" அண்ணன் வலது கையை ஆட்டிச் சிரித்தான். மோதிர விரலை ரம்பம் எப்போதோ தின்றிருந்தது.

அடுத்த கூட்டிலும் அதே கை. இன்னும் புடைப்பாக.

"அச்சக் கொளுத்திடலாம்ணா."

"கொளுத்திட்டு? மீன் வறுவல் கடையில தட்டு கழுவப் போறியா?"

நவம்பர். மாலை நான்கு இருபது. வெளியே பனிமூட்டம். அச்சின் மேல்பாதியைச் சங்கிலியில் தூக்கியிருந்தோம். கூடு அதிலேயே ஒட்டிக்கொண்டது. அண்ணன் அடியில் புகுந்து ரப்பர் சுத்தியலால் தட்டினான்.

தொம்... தொம்...

நிறுத்தினான். சத்தம் நிற்கவில்லை.

"எட்னா, நீயா தட்டுற?"

"நான் இல்லண்ணா... வெளிய வா!"

மேல்பாதி விழுந்தது.

எலும்பு முறிவது கேட்டது. இடுக்கில் ரத்தம் வழிந்தது. அதைத் தூக்கச் சங்கிலியைப் பிடித்துத் தொங்கினேன். அசையவில்லை.

உள்ளே அடி விழுந்தது. அடிமேல் அடி.

"அடிக்காத! நான் என்னடா பண்ணேன் உன்ன?"

யாரிடம் கத்துகிறான்?

குரல் நின்றது.

அடி நிற்கவில்லை.

பக்கத்துப் பண்ணைக்காரர் வந்து தூக்கியபோது, அண்ணனுக்கு முகம் என்று எதுவும் மிச்சமில்லை. நசுங்கியது அல்ல, சுத்தியலால் அடித்தது என்றார் டாக்டர். சுத்தியலோ வெளியே, என் காலடியில் கிடந்தது. சங்கிலி அறுந்திருக்கவில்லை. கொக்கி பூட்டியபடியே இருந்தது.

நான் கொளுத்துவதற்குள் அச்சு கடனுக்காக ஏலத்துக்குப் போய்விட்டது. எடுத்த வேல்ஸ்காரர் மறு வருடம் போன் செய்தார்.

"ஏம்மா, கதவுல கைத்தடம் விழுதே, உங்களுக்கும் விழுந்துச்சா?"

"விழுந்துச்சு. ஒரு கை."

"ஒண்ணா? இங்க ரெண்டு விழுது. ஒண்ணுல மோதிர விரலக் காணோம்..."

ரிசீவரைக் காதோடு அழுத்தினேன்.

"இன்னொரு கை, அதோட மணிக்கட்ட இறுக்கிப் புடிச்சிருக்கும்மா."