அப்பா தின்ற வெண்ணெய்

என் எழுத்து வரிக்கு வரி சாய்ந்துகொண்டே போகும். எங்கே ர, எங்கே ற என்பதில் இன்றும் சந்தேகம் உண்டு. ஐந்தாவதோடு நின்றுவிட்டவன்; பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

அமீரகத்தில், அல் ஐன் ஊரில் ஒரு பிரெஞ்சுக்காரர் வீட்டில் அப்பா சமையல்காரர். அம்மா வீடு பெருக்கித் துணி துவைப்பாள். அந்த வீட்டின் பின்னால் ஓர் அறையில் நாங்கள் இருந்தோம். ஒரு நாள் அப்பாவுக்கு மார்பை அடைத்தது. கிளினிக்கில் மாத்திரை கொடுத்து, நெய்யும் வெண்ணெயும் ஆகாது என்று சொல்லி அனுப்பினார்கள். அப்பா அதை நம்பவில்லை.

முதலாளிக்கு அறுபது வயது. தினமும் வெண்ணெய், சாப்பாடு முடிந்ததும் சீஸ். பேரீச்சந்தோட்டத்தைச் சுற்றி நடந்துவிட்டு வந்தாலும் அவருக்கு மூச்சு வாங்காது.

"அவரு வெண்ணெய் தின்னுட்டுக் குதிரையாட்டம் நடக்குறாரு. ரசஞ்சோறு தின்ன நான் நெஞ்சப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். எதுடி மருந்து?" என்று அம்மாவிடம் கேட்டார்.

"ஒங்க நாக்குதான் டாக்டரு" என்றாள் அம்மா.

அன்றிலிருந்து மேசையில் மிஞ்சிய வெண்ணெயும் சீஸும் குப்பைக்குப் போகவில்லை. எல்லார் தட்டும் திரும்பி வந்தபின், அப்பா அடுப்பருகே நின்றபடியே அவற்றைச் சுடுசோற்றில் பிசைந்து நாலு வாயில் முடிப்பார். மதியம் அவர் கண்ணயரும்போது மூச்சு வருகிறதா என்று நான் மூக்கருகில் விரல் வைத்துப் பார்ப்பேன்.

ஒரு வெள்ளிக்கிழமை, விருந்தாளிகள் சாப்பிட்டுக்கொண்டிருக்கையில், அப்பா மார்பைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். முதலாளியே காரை எடுத்தார். அம்மா வழியெல்லாம் அழுதாள். நான் அப்பாவின் செருப்பை மடியில் வைத்திருந்தேன்.

இதயத்தில் கோளாறு ஒன்றுமில்லை, வயிறுதான் என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். என்ன சாப்பிட்டாய் என்று கேட்டதற்கு அப்பா கூச்சத்தோடு சொன்னார். அம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவரை முறைத்தாள்.

விஷயம் தெரிந்ததும் முதலாளியம்மா சிரித்தார். பிறகு பாதி இந்தியில் விளக்கினார்: எங்கள் தட்டில் பெரும்பாலும் காய்கறிதான், சீஸ் கட்டைவிரல் அளவுதான், அதையும் பேசிப் பேசி ஒரு மணி நேரத்துக்கு மேல் சாப்பிடுகிறோம், நடுவில் எதையும் கொறிப்பதில்லை. நீ எல்லார் மிச்சத்தையும் சேர்த்து நின்றபடி விழுங்குகிறாய். இத்தனை வருடம் பரிமாறிய அப்பா தட்டைத்தான் கவனித்திருந்தார், நேரத்தைக் கவனிக்கவில்லை.

மறுநாள் முதல் அப்பாவும் அம்மாவும் அடுக்களை மேசையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும் என்று உத்தரவு.

"டூட்டி நேரத்துல உக்கார வச்சுட்டாங்களே" என்று அப்பா நெளிந்தார்.

"பேசாம உக்காருங்க. உசுரே போயிருச்சுன்னு நெனச்சேன்" என்றாள் அம்மா.

அவர்கள் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டு அதற்குமுன் நான் பார்த்ததில்லை. அப்பா மெதுவாக ஏதோ சொன்னார்; அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கை காய்ந்த பிறகும் இருவரும் எழுந்திருக்கவில்லை. அப்பாவுக்கு மறுபடியும் நெஞ்சு வலிக்கிறது, அதனால்தான் எழ முடியவில்லை என்று பயந்து, நான் தண்ணீர் கொண்டுபோய் நீட்டினேன்.

ஷார்ஜா, ரோலா
2025 நவம்பர் 2, ஞாயிற்றுக்கிழமை